இளம் மூளை ஆராய்ச்சியாளருக்கு ஒரு மேடை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பார்வையற்ற சிறுவர்களுக்காக ஆஸ்க்வித் அம்மையாரும், காது கேளாத சிறுவர்களுக்காக சுவெயின்சன் அம்மையாரும் பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடங்களைத் தொடங்கியபோது, நரம்பியல் சாஸ்திரம் பின்னாளில் பெரிதும் ஆராயப்போகும் ஒரு கேள்வி அந்த வகுப்பறைகளிலேயே குடிபுகுந்துவிட்டது என்று எவரும் நினைத்திருக்க நியாயமில்லை. இளம் பிராயத்திலேயே பார்வை இழந்த ஒருவர், பிரெய்ல் எழுத்தின் மேடான புள்ளிகளை விரல் நுனியால் வருடிப் படிக்கையில், மூளையின் பின்புறத்தில் பார்வைக்கென்றே அமைந்த பகுதி சும்மா கிடப்பதில்லை. விரலின் ஸ்பரிசத்துக்காக அதுவும் சேர்ந்து உழைக்கிறது. இதை 1996-ல் வெளிநாட்டு விஞ்ஞானிகள் படம் பிடித்துக் காட்டினார்கள். அத்தகைய விரல்கள் அதற்கு நூறாண்டுக்கு முன்பிருந்தே பாளையங்கோட்டையில் படித்துக்கொண்டிருந்தன.

ஆகவே, ஆராய்வதற்கு விஷயம் இல்லை என்ற குறை தாமிரபரணிக் கரையில் இல்லை. 1965-ல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும், 1990-ல் நிறுவப்பட்ட மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் இருக்கையில், படிக்க இடமில்லை என்றும் சொல்ல முடியாது. விலையுயர்ந்த யந்திரங்கள் இல்லையே என்று சிலர் சொல்லக்கூடும். அதற்குச் சென்னையிலிருந்தே ஒரு மறுமொழி உண்டு.

ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மாணவராக இருந்த வி. எஸ். ராமச்சந்திரன், ராவ், வித்யாசாகர் என்ற இருவருடன் சேர்ந்து எழுதிய ஒரு சிறு கட்டுரையை 1973-ல் லண்டனின் 'நேச்சர்' பத்திரிகை பிரசுரித்தது. இரண்டு கண்களும் காணும், சற்றே வேறுபட்ட இரு பிம்பங்களிலிருந்து மூளை ஆழத்தை எவ்வாறு உணர்கிறது, அதில் உருவங்களின் ஓரக் கோடுகளுக்கு என்ன பங்கு என்பதே அதன் விஷயம். எழுதியவர் இன்னும் பட்டம் பெறாதவர் என்பதற்காக அந்தப் பத்திரிகை கட்டுரையைத் தள்ளிவிடவில்லை.

பிற்காலத்தில் கலிபோர்னியாவில் பேராசிரியராக விளங்கிய அவர், 1990-களில் செய்த ஒரு சோதனைக்கு வேண்டியிருந்ததோ ஒரு பெட்டியும் ஒரு முகக் கண்ணாடியுமே. விபத்தில் கை இழந்த சிலருக்கு, அந்த இல்லாத கை இறுக முஷ்டி பிடித்தபடி இருப்பதாகவும், விரிக்க இயலாமல் வலிப்பதாகவும் ஓர் உணர்ச்சி தொடர்ந்து இருந்துகொண்டே வரும். பெட்டியின் நடுவில் கண்ணாடியை நெட்டுக்குத்தாக நிறுத்தி, நல்ல கையை ஒரு பக்கம் நுழைத்துக் கண்ணாடியைப் பார்க்கச் சொன்னால், போன கை இருக்கவேண்டிய இடத்தில் பிம்பம் தெரியும்; நல்ல கையின் விரல்களை மெல்ல விரித்தால், இல்லாத கையும் விரிவதாகக் கண் சாட்சி சொல்லும்; அதை மூளை நம்பிவிட, சிலருக்கு வலி தணிந்தது. எல்லோருக்கும் இது பலித்துவிடவில்லையாயினும், முதிர்ந்த மூளையும் மாறக்கூடியது என்பதை உலகுக்கு உணர்த்திய சோதனைகளுள் இதுவும் ஒன்று.

இன்றைய இளைஞருக்கு வசதிகள் பெருகியே இருக்கின்றன. கருவிலுள்ள சிசுவின் மூளையை மெல்லிய சீவல்களாக்கி, 5,132 சீவல்களின் படங்களைத் தொகுத்துச் சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம் 2024-ல் 'தரணி' என்ற பெயரில் வெளியிட்டது; பேட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ இருக்கும் மாணவியும் அதைக் காசின்றிப் பார்க்கலாம். இளநிலை ஆராய்ச்சியாளருக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகையும் 2019-ல் மாதம் 31,000 ரூபாயாகவும், 2023-ல் 37,000 ரூபாயாகவும் உயர்ந்தது. ஆனால் தொகை உயர்ந்தால் மட்டும் போதாது, அது மாதந்தோறும் தவறாமல் கைக்கு வரவும் வேண்டும். பிசானப் பயிர் வாடிக் கருகிய பிறகு பாபநாசம் அணையைத் திறந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?

பணத்துக்கு அடுத்தபடியாக இளைஞருக்கு வேண்டுவது, செய்ததைச் சொல்ல ஓர் இடமும், சிரத்தையோடு கேட்டுக் குறுக்குக் கேள்வி போடச் சில பெரியவர்களுமே. பெங்களூரிலும் டெல்லியிலும் நடக்கும் மகாநாடுகளுக்குப் போய்வரக் கட்டணமும் ரயில் செலவும் கட்டுப்படியாகாமல் பின்தங்கும் பிள்ளைகளுக்கு, உள்ளூரிலேயே அந்த வாய்ப்பை உண்டாக்குவது அசாத்தியமான காரியமல்ல. கொக்கிரகுளத்தில், ஆற்றங்கரையில், 1987 முதல் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. கல்லூரிகள் ஒன்றுகூடி ஆண்டுக்கு ஒருநாள் அங்கே ஒரு கூட்டம் ஏற்படுத்தி, மூளையை ஆராயும் இளைஞர்கள் தத்தம் வேலையைக் கால்மணி நேரம் தமிழில் சொல்லவும், டாக்டர்களும் பேராசிரியர்களும் தயவுதாட்சண்யமின்றிக் கேள்வி கேட்கவும், பார்வையற்றோர் பள்ளி ஆசிரியர்களும் மேல்வகுப்பு மாணவர்களும் உடனிருந்து கேட்கவும் செய்தால், எந்தக் கேள்வி ஆராயத்தக்கது என்பதும் அங்கேயே துலங்கும். அதற்கு ஆகும் செலவு ஒரு கல்லூரி ஆண்டு விழாவின் செலவைத் தாண்டாது. நெல்லைச் சீமையின் கல்லூரி நிர்வாகிகளும் தனவந்தர்களும் வருகிற கல்வியாண்டிலேயே இதைத் தொடங்கிவைக்க வேண்டும்.