ஹெச்டி பேக்கேஜ் போட்டும் டிவியில் படம் மங்கலா தெரியுதா? முதல்ல பின்னாடி இருக்கிற ஒயரை பாருங்க!

புது எல்இடி டிவி வாங்கியாச்சு, செட்டாப் பாக்ஸில் ஹெச்டி பேக்கேஜும் போட்டாச்சு. ஆனாலும் படம் பழைய டிவி போலவே மங்கலாகத் தெரிகிறதா? பல வீடுகளில் இதற்குக் காரணம் டிவியோ சேனலோ அல்ல. பழைய டிவியில் இருந்த மூன்று கலர் ஒயரை அப்படியே புது டிவியில் செருகியதுதான். எந்த ஒயர் எதற்கு? பார்க்கலாம்.

மூன்று கலர் ஏவி ஒயர்

மஞ்சள் பின் படத்துக்கு, வெள்ளை இடது பக்க ஒலிக்கு, சிவப்பு வலது பக்க ஒலிக்கு. மஞ்சள் ஒயரில் அதிகபட்சம் 576 வரிகள் கொண்ட சாதாரண தரப் படம்தான் வரும். பாக்ஸ் ஹெச்டியாக இருந்தாலும் இதே கதைதான். மாதாமாதம் ஹெச்டிக்குக் கட்டும் கூடுதல் காசு வீண்!

சில டிவிகளில் மஞ்சளுக்கும் பச்சைக்கும் ஒரே சாக்கெட் இருக்கும். அதில் படம் கருப்பு வெள்ளையாக வந்தால், சோர்ஸில் 'ஏவி' தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஹெச்டிஎம்ஐ

படம், ஒலி இரண்டையும் ஒரே ஒயரில் டிஜிட்டலாகக் கொண்டு வரும். இதில் 19 பின்கள் உண்டு. ஹெச்டி செட்டாப் பாக்ஸுக்கு 'ஹை ஸ்பீடு' வகையே போதும். நொடிக்கு 60 ஃபிரேம் 4கே வீடியோவுக்கு 'பிரீமியம் ஹை ஸ்பீடு', 120 ஃபிரேம் 4கே கேமிங்குக்கு 'அல்ட்ரா ஹை ஸ்பீடு' தேவை.

விலை கூடினால் படம் கூடுமா?

கூடாது. இது டிஜிட்டல் சிக்னல். ஒயர் சரியாக இருந்தால் முழுப் படமும் வரும். பழுதானால் புள்ளி புள்ளியாகும், இல்லையென்றால் திரை இருண்டுவிடும். தங்க முலாம் பின் துருப்பிடிக்காமல் இருக்கத்தான், படத்தைப் பளிச்சென்று ஆக்க அல்ல. ஓரிரு மீட்டர் நீளத்துக்கு, வேலைக்கேற்ற வகை என்று அட்டையில் இருந்தாலே போதும்.

மற்ற ஒயர்கள்

விஜிஏ: பழைய கம்ப்யூட்டர்களின் 15 பின் ஒயர். படம் மட்டும் வரும், சத்தம் வராது.

ஆப்டிகல்: ஒலியை வெளிச்சமாக மாற்றி அனுப்பும். சவுண்ட்பாருக்கு உதவும்.

ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி: இந்த எழுத்து உள்ள போர்ட்டில் சவுண்ட்பாரை இணைத்தால் டிவியின் ஒலி அதற்குப் போகும்.

யூஎஸ்பி-சி: பார்க்க ஒன்று போல இருந்தாலும், எல்லா போனிலும் இது வழியாக டிவிக்குப் படம் போகாது. ஒயர் வாங்கும் முன் உங்கள் போனில் அந்த வசதி உண்டா என்று பாருங்கள்.

இப்போ என்ன செய்யணும்?

டிவி, பாக்ஸ் இரண்டையும் ஆஃப் செய்துவிட்டு ஹெச்டிஎம்ஐ ஒயரை மாட்டுங்கள். ரிமோட்டில் சோர்ஸை ஹெச்டிஎம்ஐக்கு மாற்றி, பாக்ஸ் செட்டிங்கில் 1080 தேர்வு செய்யுங்கள். பிறகு ஹெச்டி சேனலைப் போட்டுப் பாருங்கள். எஸ்டி சேனல் எந்த ஒயரிலும் எஸ்டிதான்!