பச்சைக் கரைநண்டு

நண்டென்றதும் ஊர்க் குழம்பை எண்ணி ஏங்கும் விடுதி நண்பர்களே! நான் கூறவந்த நண்டில் சதை சொற்பம், உள்ளங்கையளவே இருக்கும். ஐரோப்பாவைத் தாயகமாகக் கொண்ட பச்சைக் கரைநண்டு அது. அமெரிக்கக் கீழ்க்கரையில் 1817இலும், மேற்கே சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் 1989இலும் காணப்பட்டது. பெண் நண்டு ஓர் ஈட்டில் 1,85,000 முட்டைகள்வரை இடும். இளவுயிரிகள் பல வாரம் நீரோட்டத்தில் மிதந்து பரவுவதால், ஒரு துறையில் ஒழித்தாலும் மறுதுறையிலிருந்து வந்துவிடும்.

மட்டிகளை உடைத்துத் தின்பதை எல்லோரும் பழிப்பர். 1950களில் மேய்ன் மாநில மட்டித்தொழில் நலிந்ததில் இதற்குப் பங்குண்டு. எனினும், அதனினும் கொடிதென நான் கருதுவது இதன் தோண்டும் வழக்கமே. இரைக்காகச் சேற்றைக் கிளறுங்கால் கடற்புல் வேரோடு பெயர்ந்து மிதக்கிறது. மேற்குக் கரையிலோ, சால்மன் குஞ்சுகளும் அந்நாட்டு நண்டின் குஞ்சுகளும் ஒளிந்து வளர்வது அப்புல்லிடையேதான். வாஷிங்டன் மாநிலம் 2022இல் நெருக்கடி அறிவித்துக் கூடுகள் வைத்துப் பிடிக்கலாயிற்று.