மூசி நதிக்கரையில் ஸ்ரீவிஜயத்தைத் தேடி

நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் ஒரு வருடம் குழந்தைகள் ராஜேந்திர சோழன் கடாரம் வென்ற கதையை நாடகமாகப் போட்டார்கள். அட்டையில் செய்த கப்பல், ஜிகினா ஒட்டிய கிரீடங்கள், கடைசிக் காட்சியில் சிறைப்படும் ஸ்ரீவிஜய மன்னன். அந்த மன்னன் வேடம் என் பேத்திக்கு. (கிரீடம் பெரிதாகிப்போய், கைதாகும் நேரத்தில் மூக்கு வரை இறங்கிவிட்டது.) வீடு திரும்பும்போது டாக்ஸியில் கேட்டாள்: "தாத்தா, அந்த ஊர்க்காரங்களுக்கு இதெல்லாம் தெரியுமா? நம்ம மேல கோவமா இருப்பாங்களா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. 2019 ஜூலையில் ஜகார்த்தாவில் வேலை பார்க்கும் மகனிடம் சென்றிருந்தபோது, அந்தக் கேள்விக்காகவே பலெம்பாங் போய்வர முடிவு செய்தேன். ஜகார்த்தாவிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா. ஸ்ரீவிஜயம் என்பது இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில் உள்ள பலெம்பாங். இரண்டும் ஒரே மன்னனின் ஆட்சியில் இருந்ததால் நாம் பேச்சில் ஒன்றாக்கிவிடுகிறோம்.

கல்கத்தாவில் முப்பது வருடம் குடியிருந்தவனுக்குப் பலெம்பாங் அந்நியமாகத் தெரியாது. ஹூக்ளிபோல மூசியும் அகன்ற, கலங்கிய ஆறு. (ஹைதராபாத் மூசிக்கும் இதற்கும் பெயரில் மட்டும்தான் உறவு.) கடல் 80 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தாலும் ஊர் துறைமுகம்தான். நம் ஹௌரா பாலத்தின் இடத்தில் அங்கே சிவப்பு வண்ண அம்பேரா பாலம். ஜப்பான் தந்த போர் இழப்பீட்டுப் பணத்தில் 1962-ல் தொடங்கி 1965-ல் திறந்தார்கள். கப்பல் வரும்போது நடுப்பகுதி மேலே எழும்பி வழிவிடும். 1970-க்குப் பிறகு அந்த வேலையை நிறுத்திவிட்டார்கள். பாலத்தடியில் நிற்கும் மரக்கலத்தைக் காட்டிப் படகுக்காரர் "கப்பால்" என்றார். நம் கப்பல்தான். மலாய்க்காரர்கள் நம்மிடம் வாங்கிக்கொண்ட சொல். பெட்டியும் அப்படியே "பெத்தி" ஆகியிருக்கிறது.

அவரது சிறிய மோட்டார் படகை "கெதெக்" என்கிறார்கள். அதில் ஏறி கெமாரோ தீவு வரை போய்வந்தேன். அங்கே ஒரு சீனக் கோயிலும் பகோடாவும் உண்டு. சீன இளவரசன் ஒருவனுக்குப் பெற்றோர் ஜாடிகளில் சீர் அனுப்பினார்களாம். திறந்து பார்த்தால் ஊறுகாய்க் கீரை. அவமானத்தில் ஆற்றில் எறிந்தானாம். கடைசி ஜாடி உடைந்தபோதுதான் கீரைக்கடியில் பொன் இருந்தது தெரிந்தது. அதை எடுக்க ஆற்றில் குதித்தவன் திரும்பவில்லை. மணப்பெண்ணும் பின்னாலேயே குதித்தாள் என்பது கதை. இந்த ஆற்றடியில் பொன் இருப்பது முழுக் கட்டுக்கதை அல்ல. அண்மை ஆண்டுகளில் முக்குளிப்போர் பொன் அணிகளையும் சிறு சிலைகளையும் எடுத்து விற்றுவிடுகிறார்கள் என்பது ஆய்வாளர்களின் வருத்தம்.

சரி, தலைநகர் எங்கே? தஞ்சைப் பெரிய கோயிலை மனதில் வைத்துக்கொண்டு போகிறவருக்கு ஏமாற்றம்தான். நிமிர்ந்து பார்க்க ஒரு கோபுரம் கிடையாது. முதல் நாள் எனக்கும் கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது. இதற்கா டிக்கெட் எடுத்து வந்தோம்? காரணம் எளிது. இது சேற்றுநிலம், கட்டடத்துக்கான கல் அருகில் கிடையாது. மக்கள் மரக்கால்கள்மேல் நிற்கும் வீடுகளிலும், ஆற்றில் மிதக்கும் தெப்பங்களிலும் வாழ்ந்தார்கள். 13-ஆம் நூற்றாண்டுச் சீன நூல் ஒன்றும் இதையே சொல்கிறது. தெப்ப வீடுகள் சிலவற்றை நானும் கண்ணால் பார்த்தேன். மரமும் மூங்கிலும் ஆயிரம் வருடம் நிற்குமா?

அதனால் இந்தப் பேரரசையே உலகம் மறந்துபோயிற்று. "ஸ்ரீவிஜயம்" என்பது ஒரு மன்னனின் பெயர் என்றுகூட அறிஞர்கள் நினைத்தார்கள். 1918-ல் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் செதே, கல்வெட்டுகளையும் சீனக் குறிப்புகளையும் சேர்த்து வைத்துப் பார்த்து, அது ஒரு நாட்டின் பெயர், தலைநகர் பலெம்பாங் என்று நிறுவினார். நம் தஞ்சைக் கல்வெட்டும் அதில் ஒரு சாட்சி.

கராங்அன்யார் என்ற இடத்தில் பழங்கால வாய்க்கால்களுக்கு நடுவே தொல்பொருள் பூங்காவும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. கெடுகான் புக்கிட் கல்வெட்டின் நகல் அங்கே உண்டு, மூலம் ஜகார்த்தாவில். 1920-ல் கிடைத்த ஒரு உருண்டைக் கல். அதில் இருப்பது பல்லவர் எழுத்திலிருந்து வந்த எழுத்து! மொழியோ பழைய மலாய். காலம் சக ஆண்டு 605, அதாவது கி.பி. 683-ஐ ஒட்டி. காஞ்சியில் முதலாம் பரமேசுவரவர்மன் ஆண்டுகொண்டிருந்த சமயம். வைசாகம், ஜ்யேஷ்டம், ஆஷாடம் என்று மாதக் கணக்குச் சொல்லி, மன்னன் படகேறிப் புறப்பட்டதையும், பெரும்படை நீர்வழியே வந்ததையும், 1312 பேர் நடந்து வந்ததையும் குறிக்கிறது. அடுத்த ஆண்டுக் கல்வெட்டு ஒன்று எனக்கு இன்னும் பிடித்தது. தென்னை, கமுகு, மூங்கில் எல்லாம் நட்டு ஒரு தோட்டம் அமைத்து, அதன் பயன் எல்லா உயிர்களுக்கும் சேரட்டும் என்று மன்னன் வேண்டிக்கொள்கிறான்.

671-ல் சீனப் பயணி இத்சிங் இங்கே ஆறு மாதம் தங்கி சமஸ்கிருத இலக்கணம் படித்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட பிக்குகள் இருந்ததாக எழுதியிருக்கிறார். பிறகு அவர் கப்பலில் வந்து இறங்கியது தாம்ரலிப்தி, நம் பக்கத்துத் தம்லுக்!

இனி நம் கதை. என் சொந்த ஊர் நாகப்பட்டினம். ஸ்ரீவிஜய மன்னன் சூளாமணிவர்மன் அங்கே ஒரு புத்த விகாரம் எழுப்பத் தொடங்கினான். மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் முடித்தான். அதற்கு ராஜராஜன் 1006-ஐ ஒட்டி ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்ததை லெய்டன் செப்பேடுகள் கூறுகின்றன. இருபதாண்டு போவதற்குள், 1025-ல், ராஜராஜனின் மகன் அதே அரசகுலத்தின் மேல் கப்பற்படை அனுப்பி, மன்னன் சங்கிராம விஜயோத்துங்கவர்மனைச் சிறைப்பிடித்து, பொருட்குவியலையும் வித்தியாதர தோரணத்தையும் கவர்ந்தான். ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம் என்று மெய்க்கீர்த்தி அடுக்கிக்கொண்டே போகும். வாணிகப் போட்டிதான் காரணம் என்பது பலரின் கணிப்பு. நாடகத்தில் நாங்கள் விகாரத்தைச் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் பேத்தியின் கேள்வி இன்னும் கூர்மையாக இருந்திருக்கும்.

நாகையிலும் அந்த விகாரம் இன்றில்லை. எஞ்சி நின்ற புதுவெளிக் கோபுரத்தையும் 1867-ல் இடித்துவிட்டார்கள். ஆக, பலெம்பாங்கைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அருங்காட்சியகத்தில் வழிகாட்டியாக வந்தவள் சரித்திரம் படிக்கும் கல்லூரிப் பெண். தயங்கித் தயங்கிப் பேத்தியின் கேள்வியைக் கேட்டேன். சிரித்துவிட்டாள். "பள்ளிக்கூடத்திலேயே படிச்சிருக்கோம், ஐயா. ஸ்ரீவிஜயம் ஏன் வீழ்ந்ததுன்னு பரீட்சையில கேள்வி வரும். சோழமண்டலப் படையெடுப்புன்னு எழுதினா மார்க்" என்றாள். நமக்கு வெற்றிப் பாடம், அவர்களுக்கு வீழ்ச்சிப் பாடம். இரண்டிலும் அதே 1025. "கோவம் உண்டா?" என்றேன். "வாங்க, ஒண்ணு காட்டறேன்" என்று புக்கிட் சிகுந்தாங் மேட்டுக்கு அழைத்துப் போனாள்.

மலை என்று பேர், ஏறினால் மூச்சுக்கூட வாங்காது. ஆனால் மலாய் மன்னர் குலங்கள் தங்கள் மூலமாகச் சொல்லிக்கொள்ளும் இடம் இது. 'செஜாரா மெலாயு' என்ற பழைய மலாய் வரலாற்று நூலில் ஒரு கதை வருகிறது. கலிங்க நாட்டிலிருந்து (மலாய்க்காரர்கள் தென்னிந்தியாவைக் கெலிங் என்பார்கள்) ராஜா சூரன் பெரும்படையோடு வருகிறான். சில சுவடிகளில் அவன் பெயர் ராஜா சூலன். இது சோழன் என்பதன் எதிரொலி என்கிறார்கள் அறிஞர்கள். அவன் ஒரு கண்ணாடிப் பெட்டியில் அமர்ந்து கடலுக்கடியில் இறங்கி, அங்குள்ள இளவரசியை மணக்கிறான். அந்த வம்சத்தில் வந்த மூன்று இளவரசர்கள் ஓர் இரவு இந்த மேட்டில் தோன்றுகிறார்கள். இரண்டு விதவைப் பெண்கள் பயிரிட்டிருந்த நெல் அன்றிரவே பொன்னாக மாறி மின்னுகிறது. அவர்களில் ஒருவனின் வழியில்தான் மலாக்கா சுல்தான்கள் வந்தார்களாம். அதாவது, படையெடுத்து வந்தவனைத் தாத்தனாக்கிக்கொண்டுவிட்டார்கள்!

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரின் பெருமை "பெம்பெக்" என்ற பலகாரம்; மீனும் ஜவ்வரிசி மாவும் சேர்த்துச் செய்வது, கருப்பட்டியும் மிளகாயும் வினிகரும் கலந்த குழம்பில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். மீன் சாப்பிடாத என் மனைவி மூன்று நாளும் சோறும் தெம்பேயுமாக ஓட்டினாள். இரண்டு பொட்டலம் ஊறுகாய் கையோடு கொண்டுபோவது நலம்.

ஊர் திரும்பியதும் பேத்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கல்வெட்டு, செப்பேடு எதற்கும் அவள் அசையவில்லை. கண்ணாடிப் பெட்டி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடுத்த நாடகத்தில் அந்தக் காட்சி வேண்டுமாம், ராஜா வேடம் அவளுக்கே வேண்டுமாம். மேடையில் கடலை எப்படிக் கொண்டுவருவது என்று கலைக்குழு நண்பர்களைக் கேட்டிருக்கிறேன்.