ஒரு சிற்றூர் நீதிமன்றமும் ஆசிரியர் ஒருவரின் வழக்கும்

நீதிமன்றக் கட்டடம் ஒன்றின் வரலாறு பெரும்பாலும் காணி உறுதிகள், கடன் வழக்குகள், சிறு பூசல்கள் என்பவற்றோடு அமைந்துவிடும். அவற்றைப் பிற நாட்டார் அறிய நேர்வதில்லை. ஐக்கிய அமெரிக்காவில், தெனசி மாநிலத்துக் குன்றுகளிடையே அமைந்த டேற்றன் என்னும் சிற்றூரின் நீதிமன்றமோ இவ்விதிக்கு விலக்காயிற்று. அதனை உலகறியச் செய்தவர் குற்றஞ் சாட்டப்பட்டு அங்கே நின்ற ஓர் ஆசிரியர். ஆகவே, கல்விப் பணியிலீடுபட்டோர் அதன் வரலாற்றை அறிதல் பயனுடைத்து.

மாநிலத்தின் உட்பிரிவாய்த் தனக்கென நிருவாகமும் நீதிமன்றமும் உடைய பகுதியை அமெரிக்கர் கவுண்டி என்பர். 1807 ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட றே கவுண்டியின் தலைமையிடம் முதலில் தெனசி ஆற்றை அண்டிய வாஷிங்டன் என்னும் ஊராக இருந்தது. புகைவண்டிப் பாதை டேற்றன் வழியாகச் செல்லவே, வாணிகமும் குடிமக்களும் அவ்வூரை நாடினர். தலைமையிடமும் அங்கு பெயர்ந்தது. உயர்ந்த கோபுரமொன்றுடன் செங்கல்லாலாய இன்றைய கட்டடம் 1891 ஆம் ஆண்டில் எழுந்தது. விசாலமான விசாரணை மண்டபம் அதன் மேல்மாடியில் உள்ளது.

1925 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தெனசி மாநிலம் பட்லர் சட்டம் எனப்படும் சட்டமொன்றை இயற்றியது. விவிலியம் கூறும் படைப்பு வரலாற்றை மறுத்து, மனிதன் கீழ்நிலை விலங்குகளினின்றும் தோன்றினான் எனக் கற்பித்தல், அரசாங்கப் பணம் பெறும் பாடசாலைகளில் குற்றமாக்கப்பட்டது. இச்சட்டத்தை நீதிமன்றத்திற் பரீட்சித்துப் பார்க்க முன்வரும் ஆசிரியருக்கு உதவுவதாக அமெரிக்கக் குடியியல் உரிமைச் சங்கம் அறிவித்தது. தம்மூர் இதனாற் புகழ்பெறும் என எண்ணிய டேற்றன் பிரமுகர் சிலர், ஜோன் ஸ்கோப்ஸ் என்னும் 24 வயது ஆசிரியரை இணங்கச் செய்தனர். அவர் கையாண்ட உயிரியல் நூல் கூர்ப்புக் கொள்கையை விளக்குவது; அதுவோ மாநில அரசே பாடசாலைகளுக்கு அங்கீகரித்த நூல். அரசு ஒரு கையால் அளித்த நூலை மறு கையால் குற்றமாக்கியது எனலாம்.

வழக்கு 1925 யூலை 10 ஆம் நாள் தொடங்கியது. மும்முறை சனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட்ட வில்லியம் ஜெனிங்ஸ் பிறையன் அரசுத் தரப்பிலும், புகழ்பெற்ற நியாயவாதியாகிய கிளாறன்ஸ் டாறோ எதிரித் தரப்பிலும் தோன்றினர். சிக்காக்கோ வானொலி நிலையமொன்று நடவடிக்கைகளை அங்கிருந்தே ஒலிபரப்பியது. வரி செலுத்தும் மக்களுக்கே தம் பாடசாலைகளிற் கற்பிக்க வேண்டியவற்றைத் தீர்மானிக்கும் உரிமை உண்டு என்பது பிறையன் வாதம். ஒரு சமயக் கோட்பாட்டினை அளவுகோலாக்கி அறிவியலுக்கு எல்லை வகுக்கச் சட்டத்துக்கு உரிமையில்லை என்பது எதிரித் தரப்பின் வாதம்.

ஆயினும், இப்பெருவினாவை அந்நீதிமன்றம் தீர்த்து வைக்கவில்லை. சட்டம் மீறப்பட்டதா என்பது மட்டுமே யூரிமார் முன்னுள்ள வினா எனக் கொண்ட நீதிபதி றோல்ஸ்ற்றன், அறிவியலறிஞரின் சாட்சியத்தை அவர்கள் கேட்க இடமளிக்கவில்லை. யூலை 20 இல், வெப்பமும், கூட்டத்தின் பாரத்தை மாடித் தளம் தாங்குமோ என்ற அச்சமும் காரணமாக, விசாரணை வெளியே புற்றரைக்கு மாற்றப்பட்டது. அங்கேதான் டாறோ பிறையனையே சாட்சியாக்கி வினாவினார். மறுநாள் அச்சாட்சியமும் பதிவினின்று நீக்கப்பட்டது. மேன்முறையீட்டுக்கு வழி வேண்டி, குற்றவாளியெனத் தீர்க்குமாறு டாறோவே யூரிமாரைக் கேட்டார். அவர்களும் ஏறக்குறைய ஒன்பது நிமிடத்தில் அவ்வாறே தீர்த்தனர். நீதிபதி 100 டொலர் தண்டம் விதித்தார். ஐந்து நாள் கழித்துப் பிறையன் டேற்றனிலேயே காலமானார்.

1927 ஆம் ஆண்டில் மாநில உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை இரத்துச் செய்தது. ஐம்பது டொலருக்கு மேற்பட்ட தண்டத்தை யூரிமாரே விதித்தல் வேண்டும். நீதிபதி விதித்தது தவறு என்பதே காரணம். ஆனால், அரசின் ஊழியராகிய ஆசிரியர் கற்பிப்பதை வரையறுக்க அரசுக்கு உரிமையுண்டு எனக் கூறி, சட்டத்தை அம்மன்று நிலைநிறுத்தியது. ஆசிரியர் தப்பினார், அவர் தொழில் விலங்கினின்றும் தப்பவில்லை. 1967 ஆம் ஆண்டிலேயே பட்லர் சட்டம் நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் அமெரிக்க நாட்டின் உச்ச நீதிமன்றம், ஆர்க்கன்சோ மாநிலத்தின் இத்தகைய சட்டமொன்றைச் செல்லாதென அறிவித்தது.

டேற்றன் நீதிமன்றம் 1976 இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக ஏற்கப்பட்டது. அதன் புற்றரையிலே பிறையனின் சிலை 2005 இலும், டாறோவின் சிலை 2017 இலும் நிறுவப்பட்டன. வாதிட்ட இருவரும் இன்று ஒரே முற்றத்தில் நிற்கின்றனர்.

பொதுமக்கள் பணத்தில் நடக்கும் பாடசாலையில் மக்களின் விருப்பத்துக்கு இடமில்லையென யாரும் சொல்லார். எனினும், எதைக் கற்பிப்பது என்பதை மக்கள் தீர்மானிக்கலாம்; எது உண்மை என்பதை வாக்கெடுப்பாலோ தண்டத்தாலோ தீர்மானித்தல் இயலாது. இவ்விரண்டுக்குமிடையே எல்லை காண்பது, யூரிமாரின் ஒன்பது நிமிடத்தில் முடியும் காரியமன்று. நாற்பத்திரண்டு ஆண்டுகள் சட்டத்தில் நின்ற அத்தடை நமக்கு உணர்த்துவது இதுவே.