தமனியை அளக்கத் தொடங்கிய பிறகு

1986 ஜனவரி 24. ஜப்பானின் மட்சுவே நகரில் ஒரு வாலிபால் ஆட்டம். 1984 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக வெள்ளி வென்ற ஃப்ளோ ஹைமன், மாற்று வீராங்கனை உள்ளே போனதும் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். சற்று நேரத்தில் சரிந்து விழுந்தார். வயது 31. மாரடைப்பு என்றார்கள். பிறகு நடந்த பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது: இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி கிழிந்திருந்தது. காரணம், மார்ஃபான் சிண்ட்ரோம். ஆறடி ஐந்து அங்குல உயரத்தையும் நீண்ட கைகளையும் எல்லோரும் வியந்து பார்த்தார்கள். அவை ஒரு நோயின் அடையாளங்கள் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர் இறந்த பிறகு சகோதரரைப் பரிசோதித்தார்கள். அவருக்கும் அதே நோய். தமனி கிழியுமுன் அறுவை சிகிச்சை செய்தார்கள்.

உடலின் திசுக்களைச் சேர்த்துப் பிடிக்கும் ஃபைப்ரிலின் என்ற புரதம் இந்த நோயில் பிறவியிலேயே பழுது. ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் வந்து மோதும் பெருந்தமனியின் அடிப்பகுதி, பழைய சைக்கிள் டியூப் ஓரிடத்தில் உப்புவதுபோல வருடக்கணக்கில் விரிந்துகொண்டே போகும். வலி இருக்காது. ஒருநாள் உள்சுவர் கிழிந்து, அடுக்குகளுக்கு நடுவே ரத்தம் புகுந்துவிடும்.

1896-ல் பாரிஸில் அந்துவான் மார்ஃபான் எழுதியது ஓர் ஐந்து வயதுச் சிறுமியின் நீண்ட விரல்களையும் மெலிந்த கைகால்களையும் பற்றித்தான். பெருந்தமனிக்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவு 1943-ல்தான் மருத்துவ இதழ்களில் பதிவானது. தெரிந்துகொண்டும் அன்று செய்ய அதிகம் இல்லை. 1968-ல் லண்டனில் பென்டாலும் டி போனோவும், உப்பிய பகுதியை வெட்டியெடுத்து, செயற்கை வால்வு பொருத்திய குழாயை அங்கே தைத்தார்கள். 1976-ல் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் வின்சென்ட் காட் அதே அறுவையை மார்ஃபான் நோயாளிகளுக்குச் செய்யத் தொடங்கினார்.

கிழிவதற்கு முன்பே செய்ய வேண்டுமானால், எப்போது என்று தெரிய வேண்டும். அதைச் சொன்னது எக்கோ. ஊசியும் இல்லை, வலியும் இல்லை. நெஞ்சில் ஜெல் தடவி, கருவியை நகர்த்தி, திரையில் தமனியின் அகலத்தை அளந்துவிடலாம். பொதுவாக 5 சென்டிமீட்டரைத் தொட்டால் அறுவை; குடும்பத்தில் யாருக்காவது கிழிந்திருந்தால் இன்னும் முன்கூட்டியே. பத்து மருத்துவமனைகளில் 675 நோயாளிகளின் கணக்கு 1999-ல் வெளிவந்தது. திட்டமிட்டுச் செய்த அறுவையில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 1.5 சதவீதம், அவசரமாகச் செய்ததில் 11.7.

இந்த நோய்க்குக் காரணமான மரபணு 1991-ல் பிடிபட்டது. பெரிய கண்டுபிடிப்புதான், மறுக்கவில்லை. ஆனால் நோயாளிகளில் பாதிப் பேர் எட்டிய வயது 1972 கணக்கில் 48. 1995 கணக்கில் 72. நான்கே வருடத்தில் மரபணு இதைச் சாதித்திருக்க முடியாது. சாதித்தது அறுவைக்கத்தியும் அளவுகோலும். ரத்த அழுத்த மாத்திரைகளுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. மரபணு ஆய்வின் வழியே முயன்று பார்க்கப்பட்ட லோசார்டன் மாத்திரை 2006-ல் எலிகளின் தமனியைக் காப்பாற்றியபோது எழுந்த எதிர்பார்ப்பு, 2014-ல் 608 பேரிடம் நடத்திய சோதனையில் அடங்கிவிட்டது. பழைய ரத்த அழுத்த மாத்திரையான அட்டெனலாலைவிட அது மேலாக இல்லை.

இன்ஜினியர்களும் இதில் இறங்கினார்கள். மார்ஃபான் இருந்த இங்கிலாந்துக்காரர் டால் கோல்ஸ்வொர்தி, ஸ்கேனை வைத்துத் தன் தமனிக்கே அளவெடுத்து ஒரு வலையுறை வடிவமைத்தார். 2004-ல் லண்டனில் அதை முதலில் அணிந்துகொண்டவரும் அவரே. (டாக்டர்களை இதற்குச் சம்மதிக்கவைத்ததே தனிச் சாதனையாக இருந்திருக்கும்.)

2014 ஜூன். என்பிஏ கூடைப்பந்து அணிகள் ஆள் எடுப்பதற்குச் சில நாட்கள் முன்பு, ஏழடி உயர கல்லூரி வீரர் ஐசையா ஆஸ்டினுக்கு மார்ஃபான் என்று பரிசோதனையில் தெரிந்தது. கனவு கலைந்தது, ஆனால் தெரிந்தபோது அவர் உயிரோடு இருந்தார். 2016-ல் மருத்துவர்கள் அனுமதித்ததும் செர்பியாவுக்குப் போய் ஆடினார்.

இந்தக் கணக்கெல்லாம் மார்ஃபானுக்கு. திசுக்களைப் பலவீனமாக்கும் இன்னொரு பிறவி நோயான எஹ்லர்ஸ்-டான்லோஸில், ரத்தக்குழாய்களைத் தாக்கும் வகைக்கு அளவுகோல் அவ்வளவாக உதவாது. உப்பாத தமனியும் அங்கே கிழியும். தையல் போட்டால் திசு ஊசியோடு பிய்ந்து வரும். அதனால் அறுவை மருத்துவர்கள் முடிந்தவரை கை வைப்பதில்லை. 2010-ல் ஐரோப்பாவில் 53 பேரிடம் சோதித்த செலிப்ரொலால் மாத்திரை கிழிசல்களைக் குறைத்தது. இன்றும் இந்த வகை நோயாளிகளில் பாதிப் பேர் ஏறக்குறைய ஐம்பது வயதுக்குள் இறந்துவிடுகிறார்கள்.