கழுத்தில் ஒரு போன் நம்பர்

காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டில் மேயும் மாடு அவ்வளவு எளிதில் தொலையாது. சுற்றிலும் கிளுவை வேலி. படலைச் சாத்திவிட்டால் வெளியே போக வழியில்லை. அப்படியே போனாலும் காதில் மஞ்சள் வில்லை இருக்கிறது. அதிலுள்ள 12 இலக்க எண்ணைக் கால்நடைத் துறையின் தரவுத்தளத்தில் தட்டினால் யாருடைய மாடு என்று தெரிந்துவிடும்.

காதில் வில்லை இல்லாத காலத்துக்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. வெள்ளைக்காரர்கள் 1871இல் கொண்டுவந்த கால்நடை அத்துமீறல் சட்டத்தின்படி, பயிரில் புகுந்த மாட்டைப் பட்டியில் அடைக்கலாம். ஏழு நாளில் யாரும் கேட்டு வராவிட்டால் பட்டிக்காரர் காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். காவல் அதிகாரி அதன் அடையாளங்களை எழுதி ஒட்ட வேண்டும். பக்கத்து ஊரிலும் சந்தையிலும் தண்டோரா போட வைக்க வேண்டும். அதன்பிறகு இன்னும் ஏழு நாள் பொறுத்துத்தான் ஏலம். யானை, ஒட்டகம், கழுதை, பன்றி என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லும் அந்தச் சட்டத்தில் நாயும் இல்லை, பூனையும் இல்லை.

கோவை ஆர்.எஸ்.புரத்தில் தீபாவளி இரவு வெடிச் சத்தத்துக்குப் பயந்து கேட்டைத் தாண்டி ஓடிய லேப்ரடாருக்கு வேலியும் இல்லை, எண்ணும் இல்லை, தண்டோராவும் இல்லை. வீட்டுக்காரர்கள் வாட்ஸ்அப்பில் போட்டோவைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். அதைப் பார்ப்பவர்கள் கைகூப்பும் பொம்மையைப் போட்டுவிட்டு அடுத்ததைத் தள்ளுவார்கள். இந்தக் கட்டுரை அந்தக் காத்திருப்பைப் பற்றியது. காத்திருக்கக் கூடாது என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற விலங்கு நல அமைப்பின் ஆய்வாளர்கள், விலங்கு வளர்க்கும் 1,015 வீடுகளில் விசாரித்து 2012இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். தொலைந்த நாய்களில் நூற்றுக்கு 93 திரும்பக் கிடைத்திருந்தன, பூனைகளில் 75. கிடைத்த நாய்களில் ஏறக்குறைய பாதி, வீட்டார் அக்கம்பக்கத்தில் நடந்து தேடிக் கண்டுபிடித்தவை. கழுத்து வில்லை, சிப் போன்ற அடையாளத்தால் கிடைத்தவை 15 சதவீதம். தெருநாய்கள் நிறைந்த நம் ஊருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. நடந்து தேடுவதுதான் பலன் தருகிறது என்ற பாடம் பொருந்தும்.

கோவைத் தெருவில் ஓடும் வீட்டு நாய்க்கு இன்னொரு ஆபத்து உண்டு. ஒவ்வொரு தெருவும் ஒரு தெருநாய்க் கூட்டத்தின் எல்லை. புதிய நாயைக் கண்டால் அந்தக் கூட்டம் துரத்தும். அடுத்த தெருக் கூட்டம் அதற்கடுத்த தெருவுக்குத் துரத்தும். வடவள்ளியில் ஓட ஆரம்பித்தது எந்தத் திசையில் போய் நிற்கும் என்று வரைபடத்தை வைத்துச் சொல்ல முடியாது. சொல்லக்கூடியவர்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். காலை ஐந்து மணிக்குப் பால் ஊற்றுகிறவர், பேப்பர் போடும் பையன், தூய்மைப் பணியாளர், ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவர்கள், இரவில் தெருநாய்களுக்குச் சோறு வைக்கும் அம்மா, கறிக்கடைக்காரர். ஒரு வட்டாரத்தில் எந்த நாய் பழசு, எது புதுசு என்று இவர்களுக்குத்தான் தெரியும். “ஏனுங்க, செவப்புப் பட்டை போட்ட நாய் ஒண்ணு இந்தப் பக்கம் வந்துச்சுங்களா?” என்று கேட்டால், “மேக்கால ஓடுச்சுங்க” என்ற ஒரு பதில் போதும், தேட வேண்டிய இடம் பாதியாகக் குறையும். குடியிருப்போர் சங்கத் தலைவரிடம் சொல்வதைவிட கறிக்கடையில் சொல்வது மேல்.

நாய் கண்ணில் பட்டதும் பெயரைக் கத்திக்கொண்டு பின்னால் ஓடுவதுதான் பெரிய தவறு. பயந்த நாய்க்குச் சொந்தக்காரர்கூட துரத்துகிற இன்னொரு ஆள்தான். உட்கார்ந்துகொள்ளுங்கள். நேராக அதன் கண்ணைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி, வீட்டில் பேசுகிற குரலிலேயே மெதுவாகப் பேசுங்கள். கையில் அது விரும்பித் தின்னும் எதுவாவது இருக்கட்டும். கூட்டமாகப் போய் வளைத்துப் பிடிக்கப் பார்த்தால் அவிநாசி ரோட்டுப் போக்குவரத்துக்குள் பாய்ந்துவிடும்.

பூனையின் கதை வேறு. வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனை வெளியே போனால் ஓடுவதில்லை, ஒளிந்துகொள்ளும். நீங்கள் கூப்பிட்டாலும் சத்தம் காட்டாது. 1,200க்கும் மேற்பட்ட காணாமல் போன பூனைகளைப் பற்றி 2018இல் வெளியான ஓர் ஆய்வில், கிடைத்த பூனைகளில் முக்கால்வாசி வீட்டிலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே இருந்தன. ஆகவே பூனைக்காக ஊரைச் சுற்ற வேண்டாம். பக்கத்து வீட்டு மாடிப்படியின் அடி, மோட்டார் ரூம், நிறுத்திவைத்த காரின் பானெட், கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் செங்கல் அடுக்கு என்று ராத்திரி ஊர் அடங்கியபின் டார்ச் அடித்துப் பாருங்கள். கண் மின்னும்.

தானே திரும்பி வரும் நாய்களும் உண்டு. 2024இல் கர்நாடகத்தின் பெலகாவி மாவட்டத்தில் பண்டரிபுரம் பாதயாத்திரைக்குப் பின்னாலேயே போய்க் கூட்டத்தில் தொலைந்த கறுப்பு நாய் ஒன்று, சுமார் 250 கிலோமீட்டர் கடந்து ஊர் திரும்பியது. ஊரார் மாலை போட்டு விருந்து வைத்தார்கள். அபூர்வம் என்பதால்தான் மாலை.

அபூர்வத்தை நம்பாதவர்களுக்கு மைக்ரோசிப் இருக்கிறது. அரிசி மணி அளவிலான கண்ணாடிக் குழாய். தோள்பட்டைகளுக்கு நடுவே ஊசியால் தோலுக்கடியில் செலுத்துவார்கள். பேட்டரி கிடையாது. ரீடரை நெருக்கமாகப் பிடித்தால் 15 இலக்க எண்ணைக் காட்டும், அவ்வளவுதான். நாய் எங்கே இருக்கிறது என்று அது சொல்லாது. பலர் இதை ஜி.பி.எஸ். என்று நினைத்துப் பணம் கட்டுகிறார்கள்.

சிப் வேலை செய்கிறது என்பதில் சந்தேகமில்லை. அமெரிக்காவில் 53 காப்பகங்களில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், காப்பகத்துக்கு வந்த நாய்களில் மொத்தமாக 21.9 சதவீதம் வீடு திரும்பின. சிப் இருந்தவற்றில் 52.2 சதவீதம். பூனைகளில் வித்தியாசம் இன்னும் பெரிது: 1.8, 38.5. ஆனால் அதே ஆய்வில், சிப் இருந்தும் உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாமல் போனதற்கு முதல் காரணம், பதிவில் இருந்த தொலைபேசி எண் தவறாகவோ செயலிழந்தோ இருந்தது. உடம்புக்குள் இருக்கும் எண்ணுக்குப் பின்னால் உயிருள்ள ஒரு போன் நம்பர் இல்லாவிட்டால் சிப் வெறும் கண்ணாடிதான்.

இங்கிலாந்தில் நாய்களுக்கு 2016 முதலும் பூனைகளுக்கு 2024 முதலும் சிப் கட்டாயம். நம் மாநிலத்தில் சென்னை மாநகராட்சி 2025 இறுதியில் செல்ல நாய்களுக்கு உரிமத்தையும் சிப்பையும் கட்டாயமாக்கி, உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்றது. நல்லதுதான். இருந்தாலும் சிப்பைப் படிக்க ரீடர் வேண்டும். அது டீக்கடையில் இருக்காது. இங்கிலாந்திலும் சிப் வந்த பிறகு கழுத்துப் பட்டையை விட்டுவிடவில்லை. பொது இடத்தில் நாயின் கழுத்தில் உரிமையாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்ற 1992ஆம் ஆண்டின் ஆணை தொடர்கிறது. ப்ளூடூத் வில்லைகள் பக்கத்தில் பொருத்தமான போன் இருந்தால்தான் பேசும். ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் உதவும், கிணத்துக்கடவு தோட்டத்தில் உதவாது. கழுத்துப் பட்டையில் எழுதிய பத்து இலக்க போன் நம்பரைப் படிக்க எவருக்கும் ரீடர் தேவையில்லை.

பட்டை இல்லாத நாய்க்கு இப்போது ஆபத்து முன்பைவிட அதிகம். விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், 2023இன்படி தெருநாயைப் பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, காதில் சிறு வெட்டு இட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். உங்கள் நாய் தெருநாய் என்று கருதப்பட்டுப் பிடிபட்டால், விடப்படும் இடம் அது பிடிபட்ட தெரு, உங்கள் வாசல் அல்ல. 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது: பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களில் பிடிக்கும் நாய்களை அங்கேயே திரும்ப விடக் கூடாது, காப்பகத்தில் வைக்க வேண்டும். ஆகவே நாய் தொலைந்த மறுநாளே சீரநாயக்கன்பாளையம், உக்கடம் கருத்தடை மையங்களில் நேரில் போய்ப் பாருங்கள். போனில் “பிரவுன் கலர் நாய்” என்று சொன்னால் அங்கே பத்து இருக்கும்.

நகரத்தைத் தாண்டினால் நிலைமை இன்னும் கடுமை. வெள்ளகோவில், காங்கேயம், சென்னிமலைப் பக்கம் நாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வது விவசாயிகளைப் போராட்டம் வரை கொண்டுபோயிருக்கிறது. அங்கே தோட்டத்துக்குள் தெரியாத நாய் வந்தால் வீட்டு நாயா என்று யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். பார்க்கச் சொல்வதும் நியாயமில்லை. ஒரே ராத்திரியில் பத்து ஆட்டை இழந்தவருக்கு அது பிழைப்பு. பட்டை மட்டுமே அந்த நாய்க்காகப் பேசும்.

சுவரொட்டி ஒட்டினால் எல்லா அடையாளங்களையும் எழுதிவிடாதீர்கள். ஒன்றை மறைத்து வையுங்கள், வயிற்றில் உள்ள மச்சமோ பின்னங்கால் தழும்போ. “நாய் எங்ககிட்ட இருக்கு, முதல்ல ஜிபே பண்ணுங்க” என்று அழைப்பவரிடம் அதைக் கேட்டால் உண்மை வெளிப்படும். வீடியோ காலில் நாயைக் காட்டாத யாருக்கும் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம்.

நாயைக் கண்டெடுத்தவருக்கும் கடமை உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆவது பிரிவு, பிறர் பொருளை நேர்மையின்றித் தனதாக்கிக்கொள்வதைக் குற்றமாக்குகிறது; தண்டனை ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும். கண்டெடுத்துப் பாதுகாப்பது குற்றமல்ல. உரிமையாளர் யாரென்று தெரிந்தும், அல்லது தெரிந்துகொள்ள வழியிருந்தும், தகுந்த முயற்சி எடுக்காமல் வைத்துக்கொள்வதுதான் குற்றம். சட்டத்தின் பார்வையில் நாயும் ஒரு உடைமை. கால்நடை மருத்துவமனையில் சிப் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது அந்த முயற்சியில் சேரும். கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவில் பதிவான நாய்களுக்குச் சிப் இருக்க வாய்ப்பு அதிகம். பிடிக்கும்போது கடித்துவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். “வீட்டு நாய்தானே” என்று விட வேண்டாம்.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் நாயின் கழுத்துப் பட்டையை எடுத்துப் பாருங்கள். அதில் “டைகர்” என்று மட்டும் எழுதியிருந்தால் அது உங்களுக்குத்தான் உதவும், கண்டெடுப்பவருக்கு அல்ல. பெயர்ப்பலகை பொறிக்கும் கடையில் வில்லை செய்யும்வரை, அழியாத மையால் பட்டையிலேயே இரண்டு போன் நம்பரை எழுதிவிடுங்கள். ஒன்று உங்களுடையது, மற்றொன்று வீட்டில் எப்போதும் போனை எடுப்பவருடையது.