சும்மாட்டுக்காரி நடக்கும் வழி

தலையில் சும்மாடு, அதன்மேல் மீன் நிறைந்த அன்னக்கூடை. அந்தப் பெண்ணால் குனிந்து தன் காலடியைப் பார்க்க முடியாது. பழவேற்காட்டு ஏரிக்கரையில், கோட்டைக்குப்பத்தில் நடைவழி போட நினைப்பவர்கள் அவளிடமிருந்து தொடங்கினால் நல்லது. 1613-இல் டச்சுக்காரர்கள் எழுப்பிய கெல்டிரியா கோட்டை இடிந்து புதர்மேடாகிவிட்டது. கூடைக்காரிகள் இன்னும் நடக்கிறார்கள்.

எட்டு கிலோமீட்டர் யாருக்கு?

2023 நவம்பரில் தமிழக அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைத் தொடங்கி, மாவட்டத்துக்கு ஒரு 8 கி.மீ. நடைபாதை அமைத்தது. நல்ல திட்டம்தான். ஆனால் ஏரிக்கரைக்காரர் பஸ் ஏறிப்போய் நடந்துவிட்டு வரமாட்டார். வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வலை இழுப்பவருக்கு அது வேலையிலேயே கிடைத்துவிடும். கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்த பெரியவருக்குத்தான் நடை தேவை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஏலக்கரைக்கோ நடுவில் அறுபடாமல் போய்ச்சேர ஒரு வழி இருந்தால், அவர் தானாகவே நடப்பார்.

சர்க்கரைக் காலும் கெளுத்தி முள்ளும்

கரையோர வழியில் கிடப்பவை வேறு ஊரில் கிடக்காதவை: உடைந்த சிப்பி, தூண்டில் முள், அறுந்த நைலான் வலை, கெளுத்தி முள். நீண்டநாள் சர்க்கரை நோயால் கால் மரத்தவருக்கு முள் ஏறியது சாயங்காலம் வரை தெரியாது. உவர்நீரில் வாழும் சில விப்ரியோ கிருமிகள் காயத்தில் நுழைந்தால் ஒரே நாளில் கால் வீங்கிவிடும். சர்க்கரை, கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். சோப்புப் போட்டு நல்ல தண்ணீரில் கழுவி, அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கெளுத்தி குத்தினால் வெந்நீரில் காலை வைப்பது வலிக்கு நல்லதுதான். மரத்த காலுக்கு வேண்டாம். சூடு தெரியாமல் தோல் வெந்துபோகும். கால் மரத்தவர்களுக்கு எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு நல்லது. ராத்திரி படுக்கும்முன் உள்ளங்காலை வீட்டில் ஒருவர் பார்த்துவிட வேண்டும்.

வழியில் கிடக்கும் வலைத்துண்டுகளை அள்ளிப்போட ஒரு தொட்டி வைப்பதும் மருத்துவம்தான் என்பேன்.

மூன்று வேளை நடந்து பாருங்கள்

காகிதத்தில் கோடு இழுக்கும்முன் மூன்று பேர் சேர்ந்து நடக்கட்டும்: ஒரு கூடைக்காரி, ஒரு பள்ளிப்பிள்ளை, ஒரு தாத்தா. விடிகாலையில் ஒருமுறை, மணல் சுடும் உச்சிவேளையில் ஒருமுறை, விளக்கு ஏற்றியபின் ஒருமுறை. ஐப்பசி மழை விட்ட மறுநாளும் போனால், தண்ணீர் எங்கே நிற்கிறதென்று தெரியும். தாத்தா எங்கே மூச்சு வாங்க நிற்கிறாரோ அங்கே ஒரு திண்ணையும் நிழலும் வேண்டும். நடைபாதைக்கு 1.8 மீட்டர் அகலமாவது வேண்டும் என்பது இந்தியச் சாலைக் காங்கிரஸின் கணக்கு. எதிரும் புதிருமாக இரண்டு கூடைக்காரிகள் இடிக்காமல் விலக அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை வண்டிகள்

பூநாரை பார்க்கவும் மீன் சாப்பிடவும் வெளியூர்க் கார்கள் வரும் நாளில் அதே தெரு வேறு தெருவாகிவிடும். ஆட்கள் நடக்கும் இடத்தில் வண்டி மணிக்கு 30 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது. நடைபாதை இல்லாத இடத்தில் வலதுஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள்.

மனு எங்கே?

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராம சபை கூடும். மூன்று வேளை நடந்து கண்ட குறைகளை எழுதிய பட்டியலோடு போய், எரியாத தெருவிளக்கின் கம்ப எண்ணையும் சொல்லித் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.